திருக்குளிர்த்தி வரை பிரிக்காத பெட்டிகள்

சுனாமியாகக் கடல் வந்த அன்று காலை எங்கள் முன்னறையில் ஒரு தொலைக்காட்சியும் அதில் மாட்டி விளையாடும் ஒரு கேம் பெட்டியும் இருந்தன. நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் சில்லறை தந்து முறைவைத்து விளையாடுவார்கள். அதுதான் என் தொழில். தண்ணீர் வடிந்த பிறகு தொலைக்காட்சி மதிலோரம் கவிழ்ந்து கிடந்தது. பெட்டி கிடைக்கவே இல்லை.

நானும் மனைவியும் மகளும் கண்ணகை அம்மன் கோயில் மண்டபக் கூரையில் ஏறித் தப்பினோம். அங்கிருந்து பார்த்தால் கடலும் வாவியும் ஒன்றாகத் தெரிந்தன. அப்போதுதான் வாய்விட்டு நேர்ந்தேன். "தாயே, இந்த மூண்டு உசிரையும் தந்திடு. இனி என்ன தொழில் தொடங்கினாலும் உன்ட காலடியில வெச்சு, உன்ட திருக்குளிர்த்தி முடிஞ்ச பிறகுதான் தொடங்குவன்." வைகாசிச் சடங்கின் கடைசி நாளில் அம்மாளைக் குளிர வைப்பதுதான் திருக்குளிர்த்தி. அம்மாள் மூன்று உயிரையும் தந்தாள்.

அதன் பிறகு சில வருடம் வீடு கட்டும் இடங்களில் கூலிக்குப் போனேன். சண்டை முடிந்தது. பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறும் ஆமிச் சோதனைகள் குறைந்தன. அடுத்த பங்குனியில் கொழும்புக்குப் போய்ப் பன்னிரண்டு கேம் பெட்டிகள் வாங்கி வந்தேன். மனைவி காதில் கிடந்ததையும் கையில் கிடந்ததையும் கழற்றித் தந்திருந்தாள். அவளை வெளிநாட்டில் வீட்டு வேலைக்குக் கேட்டிருந்தார்கள். கடவுச்சீட்டும் எடுத்தாயிற்று.

"இந்தப் பெட்டியள் வித்து முடிஞ்சா நான் போகல்ல. விக்காட்டி போறன்," என்றாள். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி, மேலே வெள்ளைச் சீலை விரித்தேன். சித்திரை வருசம் பிறந்தது. பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கிற காலம். கேள்விப்பட்டு ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். கதிரவெளியில் மீன்பிடிக்கும் ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்து காசை நீட்டினார்.

"அண்ணன், மகன் உசிர வாங்கிறான். ஒண்டு தாங்க."

"திருக்குளிர்த்தி முடியட்டும் தம்பி. அம்மாளுக்கு முன்னால வெச்சிட்டுத்தான் விப்பன். நேர்த்தி."

அவர் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். "பன்னிரண்டும் அம்மாளுக்கோ? அவ எப்ப விளையாடி முடிக்கிற?"

எல்லோரும் சிரித்தோம். மனைவியும் சிரித்தாள். குளிர்த்தி முடிய வாறன் என்று சொல்லி அவர் வெறுங்கையோடு போனார்.

வைகாசியில் கோயில் கதவு திறந்து சடங்கு நடந்தது. கடைசி நாள் பன்னிரண்டு பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றி வாவிக்கரை வழியே கொண்டுபோனேன். பூசாரி வேப்பிலையால் தண்ணீர் தெளித்தார். மறுநாள் வாசலில் விற்பனைப் பலகை மாட்டினேன்.

அதே கிழமைதான் பட்டினத்தில் ஒரு பெரிய கடையில் புதுப் பெட்டி வந்து இறங்கியது. நானும் போய்ப் பார்த்தேன். திரையில் மழை பெய்தால் ஆட்டக்காரனின் சட்டை நனைவதுகூடத் தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே கூட்டம். வாங்கியவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு விளங்காதது அதுதான். புதியதை வாங்க வழியில்லாதவர்களும் என்னிடம் வரவில்லை. "காசு சேத்துப் புதுசையே எடுப்பம்," என்றார்கள். கதிரவெளிக்காரர் சொன்ன சொல்லுக்காக மகனையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். பையன் பெட்டியை ஒரு விரலால் தொட்டான்.

"இது பழசு அப்பா. இனி இதுக்குப் புதுக் கேம் வராதாம்."

"சும்மா இருடா," என்று தகப்பன் அதட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "மறுகா வாறன் அண்ணன்," என்றார். வரவில்லை.

விலையைக் குறைத்தேன். மூன்று போனது. பட்டினத்துக் கடைக்காரர் தன்னிடம் மிஞ்சிய பழைய பெட்டிகளை என்னிலும் குறைத்து, கேம் சீடித் தட்டும் சும்மா கொடுத்து விற்றார். அதோடு என் வாசலுக்கு ஆளே இல்லை. கொழும்பு வியாபாரிக்குப் போன் எடுத்தேன். "புதுசு வந்தா பழசுக்கு இதுதான் கதி அண்ணே. சித்திரையிலயே தள்ளி விட்டிருக்கணும்," என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். நாளைக் குறித்தவன் நான், அவள் கேட்கவில்லை. மூன்று உயிரையும் பெற்றுக்கொண்டு பேச்சை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. மனைவியும் நேர்த்தியைப் பற்றி வாய் திறக்கவில்லை. புறப்படும் கிழமை உடுப்பு அடுக்கும்போது மட்டும் கேட்டாள்.

"இஞ்சருங்க, ரெண்டு மூண்ட மட்டும் குளிர்த்திக்கு வெச்சிட்டு, மிச்சத்த வருசத்துக்கே வித்திருந்தா அம்மாள் கோவிச்சிருப்பாவோ?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டாள். இன்றைக்கும் கோயிலில் கைகூப்பும்போது அந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

ஆடியில் போனாள். மகளின் தலையைப் பின்னிவிட நான் பழகிக்கொண்டேன். கோணலாகத்தான் வரும். வெள்ளிக்கிழமைகளில் போன் வரும். ஒரு வெள்ளி, சோறு சமைத்தீர்களா, பிள்ளை படிக்கிறாளா என்றெல்லாம் கேட்ட பிறகு சொன்னாள்.

"இந்த வீட்டுப் பிள்ளையளுக்குப் புதுசு எடுத்திட்டாங்க. பழையதக் குப்பைல போடச் சொல்லி என்னட்டத் தந்தாங்க. நம்மட அதே பெட்டிதான், ஒரு கீறல் இல்ல. போட மனம் வரல்ல எனக்கு. என்ட கட்டிலுக்குக் கீழ வெச்சிரிக்கன். வெச்சிரிக்கட்டா?"

எங்கள் கட்டிலுக்குக் கீழே ஒன்பது இருந்தன. மறுபடி மேலே விரித்த வெள்ளைச் சீலையை இன்னும் எடுக்கவில்லை.

"ஓம் புள்ள, வெச்சிரு," என்றேன்.