ரேடியோ நின்றால்

ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் ஏற்றியதும் ரேடியோ அக்கா செருப்பைக் கழற்றிவிடுவார். கழற்றினால்தான் வாய்க்குள் ராகம் வரும். என்ன பாட்டு என்று கேட்டால், "எனக்கெப்படித் தெரியும்? வாய் பாடுது, நானும் உங்களோட சேர்ந்து கேக்குறேன்" என்பார்.

பெண்களின் கருப்பை வாயிலிருந்து தடவி எடுத்த செல்கள் சாயமேறி அந்தக் கண்ணாடியில் பரவிக் கிடக்கும். ஏர் பிடித்தவர் மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, ஒரு சாலும் விட்டுப்போகாமல் அக்கா பார்த்துக்கொண்டே போவார். நல்ல செல் பூவிதழ்போல விரிந்து, நடுவில் கடுகளவு கருவோடு இருக்கும். "நீ போம்மா. நீயும் போ. நீ ஏன்டி மடங்கிக் கிடக்குறே?" கரு பெருத்து, கறுத்து, ஓரம் கோணியிருந்தால் மட்டும் ராகம் அறுந்துவிடும். "கடுகு மொளகு ஆயிடுச்சு" என்று முணுமுணுத்து, அந்த இடத்துக்கு நேராகப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்.

புற்று அல்ல அது. கவனிக்காமல் விட்டால் பின்னால் புற்றாகக்கூடியது. புள்ளி வைத்த இடத்தை டாக்டர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்; அதுவரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. அக்காவும் விடமாட்டார். ஆனால் ராகம் நின்றாலே அறை முழுக்கத் தலை நிமிரும். ஒருமுறை, இனிமேல் பாடுவதே இல்லை என்று அக்கா வாயைக் கட்டிப் பார்த்தார். வந்த ஸ்லைடிலெல்லாம் கோளாறோ என்று அறையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. "தாயே, நீ பாடிடு" என்று டாக்டரே வந்து கேட்டுக்கொண்டார்.

வீட்டில் கதை வேறு. "கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இவளுக்குத் தெரியும். மூக்குக்கு எதிர்ல இருக்குற உப்பு டப்பா தெரியாது" என்பார் கணவர். "உப்பு கோணலா இருந்தா தெரியும்" என்பார் அக்கா.

தரை துடைக்கிறவளுக்கும் அக்காவுக்கும் தினம் ஒரு சண்டை. வேகத்தைப் பார்த்து அவளுக்குப் புயல் என்று பெயர். ஸ்லைடு ஏறியிருக்கும்போது அக்காவின் நாற்காலிக்குக் கீழே மாப் வரக் கூடாது. மேசை ஒரு இடி வாங்கினால் பார்த்த இடம் தவறிப்போகும். "ரேடியோ சொன்னாத்தான் புயல் கரையக் கடக்கணுமா?" என்று புயல் இடுப்பில் கை வைத்து நிற்பாள்.

அவளைச் சோதனைக்கு அனுப்ப அக்கா படாத பாடு பட்டார். "எனக்கென்னக்கா, கல்லு மாதிரி இருக்கேன்." "கல்லுல விரிசல் விழாதா? போயிட்டு வாடி!" போனாள். அவளுடைய ஸ்லைடு வந்தது. பாதியில் ராகம் நின்றது.

மாப்பும் நின்றது. "அக்கா, ரேடியோ ஏன் நின்னுடுச்சு?"

"பேட்டரி தீந்துபோச்சு. நீ வேலையப் பாரு" என்றார் அக்கா. குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் டாக்டர் புயலைக் கூப்பிட்டு விளக்கினார். முளையிலேயே பிடித்தாயிற்று, அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம். காலையில் போனவள் சாயங்காலம் வீடு திரும்பினாள். ஆனால் அதற்குப் பிறகு புயல் புயலாக இல்லை. தரை பளபளக்கும், சண்டைதான் வராது. சில மாதம் கழித்து மறுபடி சோதித்து, சுத்தமாக இருந்தால்தான் நிம்மதி என்று சொல்லியிருந்தார்கள்.

போன வாரம் அந்த ஸ்லைடு வந்தது. சீட்டில் பெயரைப் பார்த்ததும் அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டார். செருப்பைக் கழற்றியும் ராகம் வரவில்லை. புயல் வாசற்படிப் பக்கம் ஒரே சதுரத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு கறுத்த கூட்டம். குமிழைத் திருகித் தெளிவாக்கினார். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த நல்ல செல்கள்! "எந்திரிங்கடி! உசுரே போயிருக்கும்." கடைசிச் சால்வரை கடுகுதான். நம்பாமல், முதல் சாலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தார். அப்போதும் கடுகுதான்.

"என்னக்கா?"

"என்ன, என்னக்கா? டாக்டரைக் கேளு."

"சும்மாவாவது ஏதாவது பாடேன்க்கா."

அக்கா பாடவில்லை. மூடி திறக்காத பேனாவைத் தள்ளி வைத்தார். ஸ்லைடு இன்னும் மைக்ராஸ்கோப்பில்தான் இருந்தது. புயல் பக்கம் திரும்பாமலே, ஊஞ்சலில் உட்கார்ந்த சின்னப் பெண்போல இரண்டு வெறுங்காலையும் தரையிலிருந்து உயரத் தூக்கிக்கொண்டு, நாற்காலிக்குக் கீழே மாப்புக்கு வழி விட்டார்.