பேசாமல் ஓட்டிப் பார்த்த கார்

என் மனைவிக்குக் கார் வாங்கின கதையைச் சொன்னால், "ஒரு பழைய காருக்கா இத்தனை அமர்க்களம்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். எங்களுக்கு அது கார் விவகாரமே இல்லை. அவள் தினமும் வீட்டுக்கு வருவாளா, வாரத்துக்கு ஒரு முறை விருந்தாளி போல வந்து போவாளா என்ற விவகாரம்.

அவளுக்குப் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை. காது கேட்கும் திறனைச் சோதிக்கிறவள். சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய சின்ன அறையில் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, "எவ்வளவு சின்னச் சத்தம் கேட்டாலும் கையைத் தூக்குங்க, பேச வேண்டாம்" என்பாள். காலையிலிருந்து சாயந்திரம் வரை இதே வசனம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். இத்தனை வருடமும் கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தியின் வேனில் தொற்றிக்கொண்டு போய் வந்தாள். நர்ஸுக்கு மாற்றல் வந்தது, வேனும் போனது. பஸ் என்றால் இரண்டு இடத்தில் மாறி, எங்கள் பெண் தூங்கின பிறகுதான் வந்து சேர முடியும்.

"ஆஸ்பத்திரி விடுதியில ஒரு ரூம் காலியாகுது. வேணுமா வேண்டாமானு மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம்" என்று துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

குடும்பத்தோடு அங்கேயே போய்விட வேண்டியதுதானே என்று எனக்கு யோசனை சொல்ல வராதீர்கள். நான் தையல்காரன். இடுப்புப் பெருத்தவர்களின் பேன்ட்டைப் பிரித்து விடுவதும், இளைத்தவர்களின் சட்டையைப் பிடித்துத் தைப்பதும் என் பிழைப்பு. தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு எனக்கு மனப்பாடம். அதையெல்லாம் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத இடுப்புகளைத் தேடி எங்கே போவது?

ஆகவே கார். சம்பளத்தைப் பெட்ரோலாகக் குடித்துவிடாத கார். அதே சமயம், தினம் மூன்று மணி நேரம் உள்ளே உட்காருகிறவள் 'போதுமடா சாமி' என்று விடுதிக்கு ஓடிவிடாதபடி சுகமான கார். பின்னால் எங்கள் பெண்ணும் அவளுடைய மூட்டை முடிச்சும் அடங்க வேண்டும். பெண்ணுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். அணைக்கிற பொத்தான் மட்டும் கிடையாது.

பழைய கார் விற்கிறவர் ரேடியோவுக்கே அண்ணன். ஒவ்வொரு காருக்கும் ஒரு புராணம் வைத்திருந்தார். நான் என் பழக்கப்படி எல்லாக் காரிலும் சீட்டுத் தையலைத் தடவித் தடவிப் பார்த்தேன். தையல் நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. அவள் கட்சி வேறு. ஓட்டுநர் இருக்கையில் உட்காருவாள், எஞ்சினைப் போடச் சொல்லுவாள், கண்ணை மூடிக்கொள்வாள்.

"எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க."

கார்க்காரர் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். அவள் ஒவ்வொரு காராக இறங்கி வந்தாள். "இது முனகுது." "இது இருமுது." "இது நல்லாத்தான் இருக்கு, ஆனா எரிஞ்சு விழுது."

"இப்படிப்பட்ட காதை வச்சுக்கிட்டு என்னை எப்படித்தான் கட்டிக்கிட்டியோ" என்றேன்.

"அன்னைக்கு எனக்கு ஜலதோஷம்" என்றாள்.

கடைசியில் இரண்டு தேறின. ஒன்று சிவப்பு டீசல் வண்டி. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கும், சீட்டில் இரட்டைத் தையல். ஆனால் என் தையல் மெஷினுக்குப் போட்டியாகச் சத்தம் போடும். இன்னொன்று சாம்பல் நிறம், பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கிற வகை. அதுவும் செலவு வைக்காது. அதில் உட்கார்ந்து நான், "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். "ஆகிப் பத்து நிமிஷமாச்சு சார்" என்றார் அவர்.

சாம்பல் காரை ஓட்டிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குக் கேட்டு வாங்கினோம். ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. போகும்போது ரேடியோ வழி நெடுக ஒலிபரப்பியதில் காரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது அவள் சட்டம் போட்டுவிட்டாள். "வீடு வர வரைக்கும் யாரும் பேசக்கூடாது. நான் வண்டியைக் கேக்கணும்."

வெயில் மஞ்சளாகச் சாய்ந்துகொண்டிருந்தது. ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து, ஒரு பெட்ரோல் பங்க்கையும் நான்கு மரங்களையும் காட்டிவிட்டுப் போயின. சக்கரத்துக்கு அடியில் சாலை ஓடுவது, தூரத்தில் யாரோ துணி கிழிப்பது போல மெல்லக் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. ஒரு தூறல் வந்து கண்ணாடியில் புள்ளி வைத்துவிட்டு நின்றுபோனது. நாங்கள் நகருகிறோமா, வயல்களும் வேலிகளும் எங்களைத் தாண்டிப் போகின்றனவா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஸ்டியரிங்கில் அவள் கைகள் தூங்குகிற குழந்தையின் கைகளாக இருந்தன. அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் பார்த்த அதே முகம். அந்த முகம் எங்கே போயிற்று என்று தேடாமலே இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

அப்போதுதான் எங்கள் ஊருக்குத் திரும்புகிற வளைவு வந்தது. வந்தது, போயும்விட்டது.

சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். சட்டம் நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன். பின்னால் திரும்பினால், ரேடியோ ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஆஸ்பத்திரி ஆட்களைப் போல இன்னொரு கையை உயரத் தூக்கிக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை. பேர் தெரியாத ஊருக்கெல்லாம் அப்படியே போனோம். வேறு எந்தக் குடும்பமும் இப்படி வாயை மூடிக்கொண்டு வழி தவறியிருக்காது.

ஒரு பாலத்தைத் தாண்டி அவளே ஓரமாக நிறுத்தினாள்.

"வளைவை விட்டுட்டியேம்மா" என்றேன். "பரவாயில்ல, திரும்பிக்கலாம்."

"விடல. பார்த்துட்டுத்தான் வந்தேன்."

எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதைவிடச் சட்டென்று பயம் வரும். அன்று இரண்டும் சேர்ந்து வந்தன. "வீடு அவ்வளவு கசந்துபோச்சா?"

"கசக்கல." அவள் முன்னால் இருந்த சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாள் பூரா அடுத்தவங்க காதுக்கு வேலை பார்க்கறேன். வீட்டுக்கு வந்தா உங்க ரெண்டு பேர் வாய்க்கு. நடுவுல கொஞ்சம் எனக்குன்னு கிடைச்சுது. இன்னும் கொஞ்சம் போலாமேன்னு தோணுச்சு, அவ்வளவுதான்."

"அப்ப அந்த ரூம்?"

"பார்க்கலாம்" என்றாள்.

அந்தப் 'பார்க்கலாம்' என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு காரைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. சிவப்பு வண்டியை வாங்கித் தந்தால், அந்தச் சத்தத்துக்கு எப்போதடா இறங்குவோம் என்று நேரே வீட்டுக்கு ஓடி வருவாள். சாம்பலை வாங்கித் தந்தால், வளைவைத் தாண்டித் தாண்டிப் போய் ஒரு நாள் விடுதிதான் தேவலை என்பாள். கார்க்காரர், "எது சார், சிவப்பா சாம்பலா?" என்று கேட்டபோது எனக்கு நாக்கு நுனியில் சிவப்புதான் இருந்தது. அவள் கொஞ்சம் தள்ளி நின்று சாம்பல் காரின் கதவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை மறுபடி தொலைக்க எனக்கு மனசு வரவில்லை. "சாம்பல்" என்றேன்.

கார் வந்தது. தினமும் சாயந்திரம் எங்கள் மாடிக்குக் கீழே வந்து நிற்கவும் நின்றது. ஆனால் அவள் மேலே வரவில்லை. நின்ற காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். முதல் நாள், ஏதோ தேடுகிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. மாசக் கடைசி வந்துவிட்டது, ரூமைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று எனக்குப் பொறுக்கவில்லை. வீடு வரைக்கும் வந்தவளுக்குப் படியேற என்ன கேடு? இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று, ரேடியோவையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

காருக்கு நாலு எட்டு தள்ளி நின்றுவிட்டேன். கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. உள்ளே அவள் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, வாயை நன்றாகத் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். முணுமுணுப்பு இல்லை, கழுத்து நரம்பு தெரிகிற பாட்டு. கை ஸ்டியரிங்கில் தாளம் போட்டது. பத்து வருடத்தில் அவள் ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஒரு துளிச் சத்தம் வெளியே கசியவில்லை, அவ்வளவு நல்ல கார்.

"அம்மா யாரோட பேசறாங்க?"

"பேசல. பாடறாங்க."

"எனக்குக் கேக்கலயே."

"நமக்காகப் பாடலம்மா. வா, போலாம்."

மேலே வந்து கதவைத் திறந்தே வைத்தேன். தட்டுகளை எடுத்து வைத்து முடிக்கும்போது அவள் வந்தாள். பையை மாட்டினாள், முகம் கழுவினாள். "அந்த ரூமை வேற பொண்ணுக்குக் கொடுத்துட்டாங்க. கார் வந்த முதல் நாளே வேண்டாம்னு சொல்லிட்டேன், உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன். ரேடியோ என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டியதும் பள்ளிக்கூடக் கதையை ஆரம்பித்தாள். என்ன பாட்டு என்று நானும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.