சோப்புப் பெட்டியில் மாத்திரைகள்

தவுனோ கர்ப்பினென் காகித ஆலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை என்பதை அவர் சொல்லமாட்டார். மனைவி ஹில்க்காதான் சொல்வார். பின்லாந்தின் வர்காவுஸ் ஊரில் எங்கள் குடியிருப்பில் அவர்கள் இரண்டாம் மாடி, நான் நான்காம் மாடி. சனிக்கிழமை மாலை அடித்தளத்தில் இருக்கும் சவுனா என்ற நீராவிக் குளியலறையில் ஆண்கள் முறை. நீராவியில் வெற்றுடம்போடு உட்கார்ந்து பிர்ச் மர இலைக்கட்டால் முதுகில் அடித்துக்கொள்வோம். அதிகம் பேச வேண்டியிருக்காது. எனக்கு அது வசதி.

அந்த வசந்தத்தில், தவுனோவின் இதய மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்குகிறது என்று மருத்துவர் கண்டுபிடித்தார். அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்விடலாம். தடுக்க, காலை ஒன்று மாலை ஒன்று மாத்திரை. ரத்தம் உறையாததால், இலைக்கட்டு பட்ட இடமெல்லாம் கன்றி நீலமானது.

கீழ்வீட்டு ரெய்னோதான் முதலில் பார்த்தார்.

"என்னப்பா தவுனோ, ஹில்க்கா எதை வச்சு அடிக்கிறா? கரண்டியா, கட்டையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மறுவாரமும் அதே கேள்வி. தவுனோ துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டார். சவுனாவில் யாரும் போர்த்திக்கொள்வதில்லை.

ஜூன் தொடக்கத்தில், உடைமாற்றும் அறையில் அவர் சோப்புப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே நான்கு மாத்திரைகள். வியாழன் மாலையிலிருந்து சனி காலைவரை நிறுத்தினால் தோல் கன்றாது என்பது அவர் கணக்கு.

"ஹில்க்காகிட்ட சொல்லிடாதப்பா," என்றார். தலையாட்டினேன். எதிர்த்துப் பேசுவதைவிடத் தலையாட்டுவது எனக்கு எப்போதும் எளிது.

ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, தண்ணீர் மொண்டு ஊற்றும் அகப்பை அவர் கையிலிருந்து நழுவியது. எடுக்கப் போனார், வலதுகை வரவில்லை. "வரும்போதே பீர் ஏத்திட்டான்," என்றார் ரெய்னோ. தவுனோவின் வாய் கோணுவதை நான் பார்த்துவிட்டேன். வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று எழுதக் கூசுகிறது. பிறகுதான் ஓடிப்போய் ஆம்புலன்ஸை அழைத்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த பெண், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அது உடம்பில் இருந்தால் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்ற முடியாதாம். எங்காவது ரத்தம் கொட்டிவிடுமாம்.

"ஒரு வேளை தவறினதில்ல. டப்பால நான்தான் போட்டு வைக்கிறேன்," என்றார் இறங்கி வந்த ஹில்க்கா, கொஞ்சம் பெருமையாகவே.

தவுனோவுக்குப் பேச்சு வரவில்லை. என்னையே பார்த்தார். சொல் என்றா, சொல்லாதே என்றா, இன்றுவரை தெரியாது.

இடுப்புத் துண்டோடு நின்றபடி சோப்புப் பெட்டியைத் திறந்து நீட்டினேன். "வியாழன் காலைக்கு அப்புறம் அவர் சாப்பிடல."

"ஏன்?" என்றார் ஹில்க்கா.

"நீங்க அடிக்கிறீங்கன்னு நாங்க கிண்டல் பண்ணோம். உடம்புல நீலம் தெரியக்கூடாதுன்னு..."

ரெய்னோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் வாரம் பேச்சு திரும்பியது. வலதுகையின் இரண்டு விரல்கள் திரும்பவில்லை.

அக்டோபரில் லிஃப்டில் ஹில்க்காவும் நானும் மட்டும்.

"எத்தன வாரமா தெரியும் உனக்கு?"

"எட்டு."

இரண்டாம் மாடியில் கதவு திறந்தது. அவர் வெளியே போய்த் திரும்பினார்.

"முப்பத்திரண்டு மாத்திரை," என்றார். கதவு மூடியது.