வளைவில் திரும்பாத ரயில்

அரசுப் பணியில் முப்பத்து நான்கு வருடங்கள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அத்தனை வருடங்களிலும் வாய்மொழியாக வந்த தகவலை நம்பி ஒரு காகிதத்தைக்கூட நகர்த்தியதில்லை. 'எழுத்தில் கொடுங்கள்' என்று கேட்டே பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டேன். விதிப்படி நடக்கிறவர் என்று என்னைப் பாராட்டியவர்கள் உண்டு. வேறு பெயர்கள் வைத்தவர்களும் உண்டு. வாயால் சொல்லி அனுப்பும் தகவலை இடையில் இருப்பவன் என்ன செய்வான் என்று எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். நான்தான் அந்த இடையில் இருந்தவன்.

எங்கள் வீடு பெரம்பலூரில். அப்பா தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தர். பெரம்பலூருக்கு அன்றும் ரயில் கிடையாது, இன்றும் கிடையாது. அளக்கப் போகிறார்கள் என்ற செய்தி மட்டும் அவ்வப்போது வந்து போகும். அம்மா பிறந்த வீடு அரியலூரில், ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. வண்டி போகும்போது அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அந்த வீட்டில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆண்டு விடுமுறையில் நான் ரயில்வே கேட்டில் நின்று கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவேன். பள்ளி திறந்ததும் பெரம்பலூரில் அந்த எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கிச் சொல்வேன். ஆட்சேபிக்க வகுப்பில் யாரிடமும் ஆதாரம் இருக்காது.

அம்மாவின் தம்பி, என் மாமா, அரியலூரில்தான் இருந்தார். அந்தப் பக்கம் சிமெண்டு ஆலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஸ்டோரில் அவருக்கு வேலை. வெளியூர்களிலிருந்து இயந்திரங்கள் வந்து இறங்கும் மரப்பெட்டிகளைப் பிரித்தால் பலகைகள் மிஞ்சும். மாமாவுக்கு உளியைப் பிடித்தால் நேரம் போவது தெரியாது. நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில் அந்தப் பலகைகளை இழைத்து எனக்கு ஒரு ரயில் பாதை செய்தார். நேர்த் துண்டுகள் ஆறு, வளைந்த துண்டுகள் எட்டு. ஒவ்வொன்றிலும் சக்கரம் ஓட இரண்டு காடிகள், அதாவது விரல் நுனி பதியும் அளவுக்குச் சீராக வெட்டிய பள்ளங்கள். ஒரு துண்டின் நாக்கை அடுத்த துண்டின் வாயில் வைத்து அழுத்தினால் 'டொக்' என்று பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கோத்தால் கூடம் முழுக்க ஒரு நீள்வட்டம்.

அப்பா பெரம்பலூரிலிருந்து வந்து அதைச் சுற்றி நடந்து பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"மாப்ள, இது கம்பெனி மரம்தானே? கேட் பாஸ் போட்டியா?"

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மாமா உள்ளே போய் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து வந்தார். 'உடைந்த பெட்டிப் பலகை, உபயோகமற்றது' என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

"மச்சான் கேப்பீங்கன்னு தெரியும். அதான் பாதைய செய்யறதுக்கு முன்ன இத வாங்கிட்டேன்."

அப்பா தேதியைச் சரிபார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதைக் காட்டிக்கொள்ளும் முறை அப்படி.

பாதை வந்துவிட்டது, ரயில் இல்லை. பேட்டரியில் ஓடும் ரயில் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். மனு எழுதிக் கொண்டுவரச் சொன்னார். எழுதினேன். 'பொருள்' என்ற வரி விட்டுப்போனதால் ஒருமுறை திரும்பி வந்தது. இரண்டாம் முறை அனுமதி கிடைத்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை, அரியலூர் கடைத்தெருவிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

கடைத்தெருவில் ஒரு பேன்சி ஸ்டோர். வளையல், ரிப்பன், சாந்துப் பொட்டுக்கு நடுவே கண்ணாடி அலமாரியின் மேல் தட்டில் மூன்று ரயில்கள் இருந்தன. மூன்றுக்கும் சக்கர இடைவெளி ஒன்றுதான். மாமா முன்பே போய் அதை அளந்து வந்துதான் காடி வெட்டியிருந்தார். சனிக்கிழமை மாலை என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முதலாவது, பச்சை நிறத்தில் குட்டையான எஞ்சின், முகம் தவளை மாதிரி. இரண்டாவது நீலம். மூன்றாவது சிவப்பு. நீண்ட ஒற்றை உடம்பு, நெற்றியில் பல்பு, பக்கவாட்டில் மஞ்சள் கோடு. நான் கேட்டில் நின்று பார்த்த டீசல் வண்டியே சுருங்கி அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. வகுப்பில் அதைப் பற்றி என்ன சொல்வது என்று அங்கேயே வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிட்டேன்.

"மருமவனே, அதப் பாக்காத. அது நீளம். வளைவுல திரும்பாது, காடிய விட்டு ஏறிடும். பச்சைதான் நம்ம லைனுக்கு."

"செவப்புல லைட்டு எரியுது மாமா."

"எரிஞ்சிக்கிட்டே கவுந்துரும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் மாமாவுக்குக் காலை ஷிப்ட். கிளம்பும் முன் ஒரு மூங்கில் சிம்பை வெட்டி என் கையில் கொடுத்தார். ஏறக்குறைய ஒரு சாண் இருக்கும்.

"இத அப்பாட்ட குடு. இந்தக் குச்சி நீளத்துக்கு மேல போவக் கூடாதுன்னு மாமா சொன்னாருன்னு சொல்லு. மறந்துராத."

மறக்கவில்லை. குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். அம்மா என் தலையைப் பிடித்து எண்ணெய் வைத்து வாரியபோதும் கையில்தான் இருந்தது.

"என்னடா அது குச்சி?"

"சும்மா."

வாரி முடித்ததும் கொல்லைப் பக்கம் போய் அதை இரண்டாக ஒடித்து விறகுக் குவியலில் செருகினேன். பிற்காலத்தில் ஆவணங்களை அழித்த சிலரை விசாரித்திருக்கிறேன். எல்லோரும் அவசரத்தில் செய்ததாகத்தான் சொன்னார்கள். எனக்கு அவசரமே இருக்கவில்லை.

அப்பா முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். நாங்கள் மூவரும் கடைக்குப் போனோம். அப்பாவின் பையில் ஒரு பாதைத் துண்டு இருந்தது. நேர்த் துண்டு. வளைந்தது பைக்குள் சரியாக உட்காரவில்லை என்பதால் வைத்துவிட்டு வந்திருந்தார். கடைக்கார பாய் மூன்று ரயில்களையும் மேஜைமேல் இறக்கி வைத்தார்.

"ஓட்டிப் பாத்துக்குங்க சார். மூணும் ஒரே கம்பெனி. அப்பறம் பாய் ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது."

அப்பா அரைத்தாளில் கட்டம் போட்டார். நிறம், நீளம், கட்டை எத்தனை, விளக்கு உண்டா இல்லையா. பேட்டரியைக் கட்டை என்றுதான் அப்போது சொல்வோம். மூன்று ரயில்களும் நேர்த் துண்டில் ஓடின. சிவப்பு மற்ற இரண்டையும்விட அழகாகவே ஓடியது. பாய் ஒவ்வொரு முறையும் மேஜை விளிம்பில் கையை வைத்து ரயிலைப் பிடித்தார்.

"மூணும் தகுதியுள்ளதுதான். முடிவு ஒன்னோடது. ஆனா அந்த போர்டப் படிச்சிட்டு சொல்லு" என்றார் அப்பா.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று சுவரில் எழுதியிருந்தது. அம்மா என் காதருகே குனிந்தாள்.

"மாமா ஏதும் சொல்லிவுட்டானாடா?"

"இல்லம்மா."

"நெசமாத்தானே?"

"செவப்புதாம்மா வேணும்."

சிவப்பு ரயிலை வாங்கிக்கொண்டு வந்தோம். கூடத்தில் பாதையைக் கோத்து, இரண்டு கட்டைகளைப் போட்டு, விசையைத் தள்ளினேன். பல்பு எரிந்தது. நேர்ப்பாதையில் கம்பீரமாகப் போனது. முதல் வளைவில் மூக்கு நேராகவே போக, பின்சக்கரம் காடியிலேயே மாட்டிக்கொள்ள, வண்டி விறைத்து நின்று பக்கவாட்டில் சாய்ந்தது. சக்கரங்கள் மேலே பார்த்தபடி சுற்றிக்கொண்டிருந்தன. விளக்கு எரிந்தது. மாமா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

ஷிப்ட் முடிந்து பிற்பகலில் மாமா வந்தார். சைக்கிளை நிறுத்தும்போதே கூடத்தில் கிடந்த சிவப்பைப் பார்த்துவிட்டார்.

"ஏன் மச்சான், இத ஏன் வாங்கினீங்க?"

"ஒன் வளைவு சரியில்ல மாப்ள. ரொம்ப நெருக்கிட்ட."

"வளைவு சரியாத்தான் இருக்கு. அதுக்குத்தானே அளவு குடுத்தேன்."

"என்ன அளவு? யாருகிட்ட? எழுத்துல குடுத்தியா?"

"பொம்ம ரயிலுக்கு எழுத்துல வேறயா? குச்சி வெட்டிக் குடுத்தேனே, காலைல, இவன்ட்ட!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா எதையும் பொறுப்பார், பொய்யைப் பொறுக்கமாட்டார். அதற்கென்று அவரிடம் ஒரு தோல் பெல்ட் இருந்தது. கால்சட்டைக்கு அவர் அதை அணிந்து நான் பார்த்ததில்லை; அரியலூருக்கு வந்தாலும் பையில் எடுத்து வந்து ஆணியில் மாட்டிவிடுவார்.

"மாமா குச்சி எதுவும் குடுக்கல" என்றேன்.

"டேய்!" மாமா என் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"சின்னப் பையன மெரட்டாத மாப்ள. அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?"

"அப்ப நான் பொய்யனா?"

கோப்பு ஒன்றை மூடிவைக்கும்போது அப்பாவின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மாமா அம்மாவைப் பார்த்தார். "அக்கா, நீ சொல்லு."

அம்மா சமையலறை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள், என் வலது கையை. பிறகு ஆணியில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தாள். அப்புறம் யாரையும் பார்க்காமல், "எனக்கென்ன தெரியும் தம்பி, வேலையா இருந்தேன்" என்றாள்.

மாமா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் அன்று மாலையே ரயிலையும் பாதையையும் எடுத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினோம். நான் தப்பித்துவிட்டேன். அம்மாவுக்குக் குச்சி ஞாபகமில்லை என்று முடிவு செய்து, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு இரு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அப்பா தடை எதுவும் போடவில்லை. "போறதுன்னா போயிட்டு வா, நான் வரல" என்பார். தனியாகப் போனால் தம்பி பக்கம் சாய்ந்ததாக ஆகும் என்று அம்மா போகவில்லை. தீபாவளிக்கும் போகவில்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டு மாமா வருவார் என்று வாசலில் பெரிய கோலம் போட்டாள். சீர் வந்தது, மாமா வரவில்லை. கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் பச்சரிசி மூட்டையும் பஸ் கூரையில் வந்து இறங்கின. கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய், என்னையும் ஒரு கரும்பைத் தூக்கச் சொல்லி, எடுத்துக்கொண்டு வந்தாள். வழியில் தெரிந்தவர்கள் கேட்டதற்கு, தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை என்றாள்.

அடுத்த வைகாசியில் மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மஞ்சள் தடவிய பத்திரிகையோடு அவரே வந்து நின்றார். எழுத்தில் வந்துவிட்டதல்லவா, அப்பாவுக்கும் ஆட்சேபணை இல்லை. பல வழக்குகளைப் போல இதுவும் விசாரணையின்றி, தீர்ப்பின்றி முடிவுக்கு வந்தது. அதுவரை ஏறக்குறைய ஒரு வருடம்.

அந்த ஒரு வருடமும் சிவப்பு ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வளைவுத் துண்டுகளைப் பரணில் போட்டுவிட்டு, ஆறு நேர்த் துண்டுகளைக் கூடத்தில் நீளமாகக் கோத்துவிடுவேன். ஆனால் நேர்ப்பாதையில் ஒரு சிக்கல். வண்டி போனால் திரும்பாது. மறுமுனையில் ஒருவர் உட்கார்ந்து திருப்பி அனுப்ப வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் அம்மாவை இழுத்து உட்காரவைப்பேன். என் முனை பெரம்பலூர். ரயிலே இல்லாத ஊருக்கு அப்படி ஒரு ஸ்டேஷனை நான்தான் அனுமதித்தேன். அம்மாவின் முனைக்கு என்ன பெயர் என்று நான் கேட்டபோது, கொஞ்சமும் யோசிக்காமல் அரியலூர் என்றாள்.

நான் அனுப்பும் வண்டி சரியான நேரத்துக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து வருவதில்தான் தாமதம். அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். விசையை நிறுத்தவும் மாட்டாள். சக்கரங்கள் அவள் சேலை மடிப்பில் உரசிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"ம்மா, அனுப்பு! கட்ட தீந்துரும்."

"இருடா. எறங்கறவங்க எறங்க வேணாமா?"

"யாரு எறங்கறா? உள்ள யாருமே இல்ல."

அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஆமாடா, யாருமில்ல" என்று சொல்லி, வண்டியைத் திருப்பி, காடியில் மெதுவாக வைத்து அனுப்பினாள்.

பாவம், அம்மாவுக்கு விளையாடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.