மூக்கைப் பார்த்து முளைத்த பல்

பல் வலி என்றால் ஞாயிற்றுக்கிழமைகூட வந்து கதவைத் தட்டுவார்கள். சரியாகிப் போனவர்கள் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நழுவுவார்கள். அதனால் எங்கள் வைத்தியம் பத்து வருடம் நின்றதா, பத்தே நாளில் போனதா என்பது எங்களுக்கே தெரியாது. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து நடுங்கியவர்களே, பக்கத்தில் கோட்டு போட்டு நிற்பவனும் உங்கள் கட்சிதான். மேற்குத் தாம்பரத்தில் நான் போர்டு மாட்டிய புதிதில் வந்த ஒரு பல், என்னை வருடக் கணக்காக நடுங்க வைத்தது.

மாமனுக்கு ஆகாத பல்

ஜெனிக்கு அப்போது ஒன்பது வயது. மேலே இரண்டு முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. எக்ஸ்ரே எடுத்தால், இன்னொன்று ஈறுக்குள் படுத்துக்கொண்டு மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வேரும் வளைந்திருந்தது. குழந்தையில் கட்டிலிலிருந்து விழுந்து பால் பல்லில் அடிபட்டதாம். என் சீனியர் படத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துப் போடு, பெரியவளானதும் பொய்ப் பல் வைத்துக்கொள்ளலாம், இழுத்து இறக்கினாலும் நிற்காது என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இறக்கிக் காட்டுகிறேன் என்று ஜெனியின் அம்மா எஸ்தர் டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

ஆட்சேபம் தாய்மாமனிடமிருந்து வந்தது. இரும்புலியூரில் டூவீலர் மெக்கானிக். குழந்தைக்கு மேல் பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்பார்கள் இல்லையா? ஜெனிக்கு அப்படித்தான் முளைத்ததாம், அந்த வாரமே இவர் வண்டியோடு சாக்கடையில் விழுந்தாராம். "இன்னா டாக்டர், ஒரு தபா மொளைச்சதுக்கே காலு ஒடைஞ்சிச்சு. அது பாட்டுக்கு தூங்கிகினு கீது, அத்த ஏன் எழுப்புறீங்க?"

எத்தனை கேரட்?

ஈறைத் திறந்து, பல்லில் ஒரு சின்னப் பொத்தானை ஒட்டி, அதில் நூல் மாதிரி சங்கிலி மாட்டி, மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பதுதான் வைத்தியம். பல் இறங்க இறங்க, மிச்சச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக நறுக்கிக்கொண்டே வர வேண்டும். சங்கிலி தங்க நிறத்தில் மின்னியதுதான் வினை. எஸ்தர் டீச்சரின் பள்ளிக்கூடத்தில் இருந்த டீச்சர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து ஜெனியின் வாய்க்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த மாதம் நான் கத்தரியை எடுத்ததும் எஸ்தர் டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு குங்குமப்பூ டப்பாவை எடுத்து நீட்டினார். வெறும் முலாம்தான் டீச்சர் என்று எவ்வளவோ சொன்னேன். "இருக்கட்டும் டாக்டர், வெட்டுறதை இதுல போடுங்க. சேர்ந்தா கம்மலுக்குத் திருகாணியாச்சும் ஆகும்!"

மாமன் தப்பினார்

பதினோரு மாதம் கழித்துப் பல் எட்டிப் பார்த்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை. மாமா அன்று தலையில் ஹெல்மெட்டோடு வந்து, அதைக் கழற்றாமலே ஓரமாக உட்கார்ந்திருந்தார். கம்பவுண்டர் ஃபேனைப் போட்டபோது, அது தலைக்கு நேரே இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் யோசித்தவர், திடீரென்று முகம் மலர்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். "அத்து தானா மொளைக்கலயே டாக்டர், நீங்க இல்ல இஸ்தீங்க? அப்போ உங்க மாமாவுக்குத்தான் ஆவாது!"

காணாமல் போன பல்

அப்புறம் எல்லாப் பல்லுக்கும் கம்பி கட்டி வரிசைப்படுத்தி, வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லி அனுப்பினேன். கேளம்பாக்கத்துக்கு வீடு மாற்றிப் போனார்கள், போன் நம்பரும் மாறிவிட்டது, அவ்வளவுதான். வளைந்த வேருள்ள பல் சில வருடத்தில் ஆட ஆரம்பிக்கலாம், கறுக்கலாம். முன்பல் இல்லாமல் ஒரு பெண் கல்லூரியில் சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது போல எனக்குக் கனவே வந்தது. என் ரோஷத்துக்கு அந்தப் பிள்ளையைப் பலி கொடுத்துவிட்டேனோ என்று உண்மையாகவே பயந்தேன். சீனியரோ எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் அதையே கேட்பார். "என்னப்பா, உன் பல்லு விழுந்திருச்சா, இல்ல உனக்குச் சொல்லாம விழுந்திருச்சா?"

ஏழு வருடக் காவல்

ஏழு வருடம் கழித்து, பொத்தேரியில் படிக்கும் ஒரு பெண் கடைவாய்ப் பல் வலியோடு வந்தாள். துணைக்கு வந்த தோழி என்னைப் பார்த்து, "டாக்டர், நான் ஜெனி" என்றாள். வலியோடு வந்தவளை அப்படியே உட்கார வைத்துவிட்டு, ஜெனியை நாற்காலியில் ஏற்றினேன். அவள் பெருமையாக ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினாள். நான் சொன்னபடியே அந்தப் பல்லால் இத்தனை வருடம் எதையும் கடித்ததில்லையாம். முறுக்கு, கொய்யாக்காய், பேனா மூடி எல்லாமே பக்கத்துப் பல்லால்தானாம். ஹாஸ்டலில் சோடா மூடியைக்கூட அதால்தான் திறப்பாளாம்.

அந்தப் பக்கத்துப் பல்தான் நான் இழுத்து இறக்கியது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. எக்ஸ்ரே எடுத்தேன், வளைந்த வேர் வளைந்தபடியே கெட்டியாக நின்றது. ஈறு மட்டும் அரைக்கால் இஞ்ச் ஏறியிருந்தது. சந்தோஷத்தில் இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தேன். அப்புறம், யாரம்மா உனக்கு, இறக்கியது அந்தப் பல் என்று சொன்னது என்றேன். நான்தானாம். எதிரே நின்று என் பல்லையே தொட்டு "இது பத்திரம்" என்றேனாம். கண்ணாடியில் பார்ப்பது போல அவளும் என் கைக்கு நேரே இருந்த பல்லைத் தொட்டுக்கொண்டாளாம். எல்லாப் பல்லிலும் கம்பி ஏறியபின் பத்து வயதுப் பிள்ளைக்குப் பழசெல்லாம் மறந்துபோயிருக்கிறது. விஷயம் புரிந்ததும் ஜெனி சோடா மூடியை நினைத்து வெலவெலத்துப் போனாள். "ஐயோ, அப்போ இனிமே இதைப் பத்திரமா பாத்துக்கணுமா டாக்டர்?"

கோணல் பல்லை நேராக்கியபின் அது நீடித்து நிற்க என்ன செய்ய வேண்டும் என்று இப்போது யார் கேட்டாலும், எது அந்தப் பல் என்பதை மட்டும் அதன் சொந்தக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள் என்றுதான் சொல்லி வருகிறேன்.