வுச்சீரியாவில் ஒரு ரோசாலியா

வுச்சீரியா சந்தையில், பழம்பொருள் விற்பவன் தரையில் விரித்த துணியில், துருப்பிடித்த சாவிகளுக்கு நடுவே புனிதர் பதக்கங்கள் கிடக்கின்றன. குகையில் தனியாக வாழ்ந்த புனிதர் ரோசாலியாவின் உருவம் பதித்த பழைய வெள்ளிப் பதக்கம் ஒன்றுக்காகத்தான் கடல் கடந்து இந்த ஊருக்கே வந்திருக்கிறேன். அது கண்ணில் பட்ட கணத்தில் வேறொரு கை அதை எடுத்துவிடுகிறது.

"ஐயோ!" என்று என் வாய் முந்திக்கொள்கிறது.

கைக்குரியவர் நிமிர்கிறார். என்னைவிடச் சற்று இளையவர், நெற்றியில் திருநீறு.

"தமிழோ அக்கா? நான் வீட்டோட இருந்து பராமரிக்கிற வயசான வெள்ளைக்கார அம்மாவுக்கு, சின்யோராவுக்கு இது. கண் தெரியாது. தன்ர பதக்கம் துலைஞ்ச நாளிலயிருந்து கழுத்தைத் தடவித் தடவி அழுறா."

"எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறேன், மனமே இல்லாமல்.

"நீங்கள் ஆருக்கு வாங்க வந்தனீங்கள்?"

"யாருக்கும் இல்லை. சேர்க்கிறேன். வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது."

"வீட்டில ஆர் இருக்கினம்?"

சாவிகளைப் பார்த்தபடி நிற்கிறேன். அவர் என் கையைப் பிடித்து, பதக்கத்தை உள்ளே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறார்.

"சின்யோராவுக்கு நானாவது இருக்கிறன், அக்கா. இதை நீங்கள் கொண்டு போங்கோ."