உம்மாவின் இருட்டறை

இன்று அலுமாரியில் அகப்பட்ட பழைய பிலிம் தகரத்தைத் திறந்ததும் எழுந்த புளித்த வாசம், கண்டியில் வாப்பா கல்யாணப் படம் பிடித்துப் பிழைத்த, எங்கள் வீட்டோடிருந்த ஸ்டூடியோவுக்கு என்னைக் கொண்டுபோனது. அங்கே இப்போது போன் கடை இருக்கிறது. பிலிமைப் பெரிய சுருளாக வாங்கினால் மலிவு என்பதால், அதைக் கெமராவுக்கேற்ற சிறு சுருள்களாக இருட்டில் சுற்றும் வேலை உம்மாவுடையது. சமையலும் கழுவலும் முடித்துக் களைத்துவரும் அவர் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டால், கைப்பிடி சுழலும் சத்தமும் மெதுவாகச் சுற்றுகளை எண்ணும் குரலும் மட்டுமே வெளியே கேட்கும்.

ஏழு வயதில் ஒருநாள், தனியே இருக்கப் பிடிக்காமல் அந்தக் கதவைத் திறந்துவிட்டேன். வெளிச்சம் பட்டு முழுச் சுருளும் பாழானது.

"மூச்சு முட்டிச்சு, நான்தான் தொறந்த," என்று உம்மா வாப்பாவிடம் சொன்னார்.

மறுநாளிலிருந்து வாப்பாவே சுற்றினார். உம்மா அடுப்படியோடு நின்றுவிட்டார்.

வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பிலிம் போனாப் போகட்டும் மகள்," என்றார். "அந்த இருட்டறைக்குள்ள இருக்கிற நேரம் மட்டுந்தான் என்னை ஒருத்தரும் கூப்பிடல்ல."